திங்கட்கிழமைப் படலங்கள்

கொஞ்சுத் தோடு கட்டிய பையோடு பாறசாலையில் காலைப் பாசஞ்சர் ரயில் ஏறும் பெண்ணுக்கு உட்கார இடம் கிடைக்காமல் போகாது. பக்கத்தில் இருப்பவர்களே எழுந்து வேறு இடம் பார்த்துக்கொள்வார்கள். எங்கள் பக்கத்தில் இறாலைக் கொஞ்சு என்போம், அதன் ஓட்டைத் தோடு என்போம். கடற்கரையிலிருந்து ஸ்கூட்டரில் மீன் கொண்டு வருகிறவர் உரித்துப்போட்ட தோட்டை எனக்காகத் தனியே எடுத்து வைப்பார். எவ்வளவு கழுவி, எத்தனை பைக்குள் போட்டு இறுக்கினாலும் நெய்யாற்றின்கரை வருவதற்குள் பெட்டி முழுக்க விஷயம் தெரிந்துவிடும். முதல் வருடம் கூசியது. அப்புறம் இடம் கிடைக்கிறதே என்று காலை நீட்டி உட்கார்ந்துகொண்டேன்.

சில வருடம் பள்ளிக்கூடத்தில் வேதியியல் சொல்லிக் கொடுத்துவிட்டு, முப்பது தாண்டிய பிறகு ஆராய்ச்சிக்குச் சேர்ந்தவள் நான். திருவனந்தபுரத்தில் ஓர் ஆய்வகம். ஊரில் என்னைப் பற்றி, கொஞ்சுத் தோட்டைப் படிக்கிறாளாம், அதற்கும் பட்டம் உண்டாம் என்று பேசிக்கொண்டார்கள். தவறில்லை, அதைத்தான் படித்தேன்.

சர்க்கரைத் துணுக்குகள் ஒன்றன் கையை ஒன்று பிடித்து நீளமாக நின்றால் அதற்குப் பாலிசாக்கரைடு என்று பெயர். மரச்சீனி, அதாவது மரவள்ளிக் கிழங்கில் இருக்கும் மாவு அந்த வகைதான். பஞ்சும் அதுதான். கொஞ்சுத் தோட்டில் இருக்கும் கைட்டினும் அதே கூட்டம். கை பிடிக்கும் விதம் மட்டும் வேறு. தோட்டை அமிலத்தில் ஊறவைத்தால் சுண்ணாம்பு போகும், காரத்தில் வேகவைத்தால் புரதம் போகும், இன்னும் கடுமையான காரத்தில் கொதிக்கவிட்டால் கைட்டோசான் கிடைக்கும். கொஞ்சம் அசிட்டிக் அமிலம் விட்ட தண்ணீரில் அது கூழ் மாதிரி கரையும். கரைசலைத் துணியில் வடிகட்டி, கண்ணாடித் தட்டில் ஊற்றி, மெல்லிய சூட்டில் உலர்த்தினால் மறுநாள் ஒரு படலமாக உரித்து எடுக்கலாம். காயத்தின் மேல் போர்த்துவதற்கு அந்தப் படலம் நல்லது. இதெல்லாம் உலகத்துக்கு முன்பே தெரியும். அது காய்ந்த பப்படம் மாதிரி மடக்கினால் உடைகிறது, காயத்து நீரைச் சரியாக உறிஞ்சுவதில்லை என்பதும் தெரியும். அதற்கு என்ன காரணம், உள்ளே அமைப்பு எப்படி இருக்கிறது, மேல்பரப்பு எப்படி இருக்கிறது என்று பார்ப்பது என் வேலை.

பார்க்க நாலு வழி வைத்திருந்தேன். படலத்தின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, அது சேம்பிலையில் நிற்பதுபோல் உருண்டு நிற்கிறதா, பரவிப் படுக்கிறதா என்று கோணம் அளப்பது ஒன்று. அகச்சிவப்பு ஒளியை விட்டு எந்தப் பிணைப்பு எங்கே அதிர்கிறது என்று கோடு வரைவது இன்னொன்று. எக்ஸ்ரேயில் உள்ளடுக்கைப் பார்ப்பது மூன்றாவது. கடைசியில், படலத்துக்கு மெல்லிய தங்கப் பூச்சு பூசி மின்னணு நுண்ணோக்கியில் வைப்பது. இந்த நாலும் எனக்குப் பழகிப் போயிருந்தன. நாலும் சேர்ந்து என்னை ஏமாற்றும் என்று நினைக்கவில்லை. உண்மையில் அவை ஏமாற்றவும் இல்லை.

மூன்று வருடம் எந்தப் படலமும் உருப்படவில்லை. அப்புறம் ஒரே மாதத்தில் இரண்டு மாற்றம் செய்தேன். அதுவரை கோட்டுகால் பக்கத்திலிருந்து வந்த தோட்டை விட்டுவிட்டு, பூவார் தோட்டுக்கு மாறினேன். ஆய்வகத்தில் வடிகட்டும் வலைத்துணி தீர்ந்துபோய், புதியது வர மாதக்கணக்காகும் என்றார்கள். அதனால் அப்பாவின் பழைய வெள்ளை முண்டு வேட்டி ஒன்றைக் கிழித்து நாலு துண்டாக்கிக் கொண்டுபோனேன். நைந்த முண்டுத் துணியைவிட நன்றாக வடிகட்டும் துணி எந்தக் கடையிலும் கிடையாது, அது இன்றைக்கும் என் கருத்து. வாரத்தில் ஐந்து நாளும் வேலை முடிந்ததும் அதை ஆய்வகத்திலேயே தண்ணீரில் அலசுவேன். வெள்ளிக்கிழமை வீட்டுக்குக் கொண்டுவருவேன். பெரிய பாத்திரத்தில் கொதிக்கவைத்து வெயிலில் போட ஆய்வகத்தில் வசதி கிடையாது. வீட்டில் உண்டு.

அந்த மாதத்துப் படலம் வேறு மாதிரி இருந்தது. மடக்கினால் உடனே உடையவில்லை. தண்ணீர்ச் சொட்டு பரவிப் படுத்தது. நுண்ணோக்கியில் வைத்தபோது, தட்டில் ஒட்டியிருந்த பக்கம் முழுக்கச் சின்னச் சின்ன உருண்டைகள். கருவியை இயக்குகிறவர் எதற்கும் வாய் திறக்காத மனிதர். அன்றைக்குத் திரையைப் பார்த்து, "கொள்ளாமல்லோ," என்றார். நன்றாக இருக்கிறதே என்று அர்த்தம். அவர் வாயிலிருந்து அது வந்ததும், மூன்று வருடம் நாறியதற்குப் பலன் வந்துவிட்டது என்று நினைத்தேன்.

உருண்டைகளுக்கு நான் கோளங்கள் என்று பெயர் வைத்தேன். கைட்டோசான் தானாகவே சுருண்டு கோளமாகிறது, அதற்குக் காரணம் பூவார் கழிமுகத்து உப்பு கலந்த நீரில் வளரும் கொஞ்சின் தன்மை என்று எழுதினேன். ஊர்ப் பெருமையும் கொஞ்சம் கலந்திருந்தது, மறைக்கவில்லை. பல கோளங்கள் ஒரு பக்கம் சீவிய இளநீர் மாதிரித் தட்டையாக இருந்தன. உலரும்போது சுருங்கியது என்று அதற்கு ஒரு வரி எழுதினேன். எக்ஸ்ரேயில் முன்பு இல்லாத ஒரு சின்ன மேடு வந்தது. அதற்கும் ஒரு வரி. அகச்சிவப்புக் கோட்டில் புதிதாக எதுவும் தெரியவில்லை. பார்த்தாயா, வெளிப்பொருள் எதுவும் இல்லை என்று அதையே சாட்சியாக வைத்தேன்.

இன்னொன்றும் இருந்தது. திங்கட்கிழமை வார்த்த படலத்தில் கோளம் நிறைய இருக்கும். செவ்வாய், புதன் என்று போகப் போகக் குறையும். வெள்ளிக்கிழமைப் படலம் கிட்டத்தட்ட மொட்டையாக இருக்கும். அடுத்த திங்கள் மறுபடி நிறைந்து நிற்கும். ஆய்வகத்தில் எல்லோரும் அதைத் திங்கட்கிழமைப் படலம் என்றே சொல்லத் தொடங்கினார்கள். நான் கரைசல் வாரக் கடைசியில் பழசாகிவிடுகிறது என்று விளக்கம் சொன்னேன். தினமும் புதிதாகக் கரைத்த கரைசல் எப்படிப் பழசாகும் என்று யாரும் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. நல்ல முடிவு கையில் இருக்கும்போது மனிதர்கள் கேள்வி கேட்பதில்லை.

என் வழிகாட்டியை எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவோம். டீச்சர் அந்தக் கோளங்களை நம்பி ஒரு கட்டுரை எழுதி, எங்கள் இரண்டு பேர் பெயரிலும் ஒரு பத்திரிகைக்கு அனுப்பினார். என் ஆய்வேட்டில் மூன்றாம் அத்தியாயம் முழுக்க அதுதான். மூன்றாம் அத்தியாயம் இல்லையென்றால் அந்த ஏட்டில் சொல்ல எதுவும் இல்லை. உதவித்தொகை முடிந்துவிட்டிருந்தது. ஓண விடுமுறைக்கு முன் ஏட்டைக் கொடுக்க வேண்டும், கெடு ஏற்கெனவே ஒருமுறை நீட்டியாகிவிட்டது. பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு வந்தவளுக்குத் திரும்பிப் போக இடமும் இல்லை. ஆகவே அந்தக் கோளங்கள் உண்மையாக இருந்தே ஆகவேண்டும்.

இனி என் அம்மாவைப் பற்றி. நாங்கள் பழைய மிஷன் சபையைச் சேர்ந்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு எங்கள் சபைப் பெண்கள் வெள்ளைச் சேலைதான் உடுப்பார்கள். அந்தச் சேலை நடக்கும்போது சத்தம் போட வேண்டும். தளர்ந்து தொங்குகிற சேலையோடு வருகிறவளுக்கு உடம்பு சரியில்லை, அல்லது வீட்டில் ஏதோ சரியில்லை என்று முன்வரிசையிலிருந்து பின்வரிசை வரை முடிவு செய்துவிடுவார்கள். அம்மாவுக்கு அதற்கு மேலும் ஒரு பொறுப்பு இருந்தது. அப்பமும் திராட்சை ரசமும் வைக்கும் திருவிருந்து மேசைமேல் விரிக்கும் வெள்ளைத் துணியைத் துவைத்து, கஞ்சி போட்டுத் தேய்த்துக் கொண்டுபோய் விரிப்பது அவள் வேலை. நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அவள் செய்துவந்தது. அந்தத் துணியில் ஒரு சுருக்கம் விழுந்து நான் பார்த்ததில்லை.

சனிக்கிழமை காலையில் எங்கள் கிணற்றடியில் வெள்ளைத்துணி வாளி வைக்கப்படும். காட்டாக்கடைச் சந்தையில் வாங்கிய மரச்சீனி மாவுதான் வேண்டும், வேறு கடை மாவு அம்மாவுக்கு ஆகாது. பாதி மாவைக் கொதிநீரில் காய்ச்சுவாள். ஆறியதும் மீதிப் பாதியைப் பச்சைத் தண்ணீரில் கரைத்து அதில் ஊற்றுவாள். அந்தப் பச்சை மாவு இஸ்திரிப் பெட்டியின் சூட்டில் துணியிலேயே வேகும், அப்போதுதான் துணி அட்டை மாதிரி நிற்கும் என்பது அவள் கணக்கு. வீட்டில் எது வெள்ளையாக இருந்தாலும் அந்த வாளிக்குள் போய்த்தான் கொடிக்கு வரும். தலையணை உறை, அப்பாவின் கைக்குட்டை, ஜன்னல் திரை, எதுவும் தப்பாது.

இதெல்லாம் எனக்குத் தெரியாததா? சின்ன வயதிலிருந்து பார்த்ததுதான். ஆனால் நான் சனிக்கிழமையும் ஆய்வகத்துக்குப் போகிறவள். வெள்ளிக்கிழமை மாலை துணிகளைக் கிணற்றடியில் வைப்பேன். ஞாயிறு சாயங்காலம் அவை மடித்து என் பையின் மேல் இருக்கும். விறைப்பாகத்தான் இருக்கும். வெயிலில் காய்ந்தால் துணி விறைக்கத்தானே செய்யும் என்று எடுத்துக்கொண்டு போவேன்.

கெடுவுக்கு மூன்று வாரம் இருந்த ஒரு சனிக்கிழமை, தண்டவாள வேலை என்று ரயிலை நிறுத்திவிட்டார்கள். பஸ்ஸில் போகச் சோம்பல்பட்டு, மடிக்கணினியோடு அடுக்களைப் படியில் உட்கார்ந்து மூன்றாம் அத்தியாயத்தைத் திருத்திக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது, அம்மா என் வடிகட்டும் துணி நாலில் மிச்சம் மூன்றைப் பிழிந்து, ஒவ்வொன்றாக அந்த வாளிக்குள் முக்கிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அதுக்கு எதுக்கு கஞ்சி?"

"வெள்ளைத் துணியில்லியா மக்கா. எல்லாத்துக்கும் உள்ளதாக்கும்."

"எப்பமிருந்து முக்குதே?"

"நீ கொண்டுவந்த நாள்மொதல் உண்டு. தேய்க்கல்ல கேட்டியா, தேய்க்கதுக்கு எனக்கு நேரம் இல்ல. முக்கிக் காயப்போட்டு மடிச்சு வைப்பேன்."

தேய்ப்பதில்லை. அதாவது பச்சை மாவு வேகாமலே துணியில் இருக்கிறது. திங்கட்கிழமை அந்தத் துணியில் நான் கரைசலை வடிகட்டுகிறேன். மாவு கரைசலோடு இறங்கி, தட்டின் அடியில் படிகிறது. உலர்த்தும் அடுப்பின் சூடு அதை வேகவைக்கப் போதாது. செவ்வாய்க்கிழமை அலசிய துணியில் கொஞ்சம் குறைவாக மாவு, புதன்கிழமை இன்னும் குறைவு, வெள்ளிக்கிழமை ஒன்றுமில்லை. அகச்சிவப்புக் கோட்டில் தெரியாமல் போனதற்கும் காரணம் இருந்தது. இரண்டும் சர்க்கரைச் சங்கிலிதான், ஒன்றன் கோட்டுக்குள் மற்றது ஒளிந்துகொண்டது. ஒரு பக்கம் சீவிய இளநீர் உருவம் மரச்சீனி மாவுமணியின் உருவம். வாரத்தில் ஐந்து நாள் மரச்சீனி தின்கிறவள், பள்ளியில் பிள்ளைகளுக்கு அதை நுண்ணோக்கியில் காட்டிக் கொடுத்தவள், அதை அடையாளம் காணவில்லை.

அலமாரியிலிருந்து காயத்துக்குப் போடும் அயோடின் மருந்தை எடுத்து வந்தேன். கொடியில் முன்பே முக்கிக் காய்ந்த நாலாவது துணி கிடந்தது. அதில் ஒரு சொட்டு விட்டேன். பழுப்பாக விழுந்த சொட்டு கண்முன்னே கருநீலமாக மாறியது. மாவு இருந்தால் அந்த நிறம் வரும் என்பது எட்டாம் வகுப்புப் பாடம்.

"துணியில கறை ஆக்குதே மக்கா," என்றாள் அம்மா.

அதற்கு நான் சொன்னதை இப்போது எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். "எனக்க படிப்பையே கறையாக்கிப் போட்டியே," என்று கத்தினேன். கஞ்சி, கஞ்சி, ஞாயிற்றுக்கிழமை நாலு பேர் பார்க்கிறதுக்கு உள்ள கஞ்சி, அதில் என் ஐந்து வருடமும் போயிற்று என்றேன். அதற்கு மேலும் சொன்னேன். அம்மா துணிகளை வாளியிலிருந்து எடுத்து, பச்சைத் தண்ணீரில் மூன்று தடவை அலசினாள். பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு போய் வாழை மூட்டில் கவிழ்த்தாள். மறுநாள் அவள் தளர்ந்த சேலையோடு ஆராதனைக்குப் போனதைப் பார்த்தேன். கோபத்தில் செய்கிறாள், இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை ரயிலில் போகும்போது மனம் முழுக்க ஒரே கேள்வி. சொல்வதா, விடுவதா? துணியை மாற்றிவிட்டு வாயை மூடிக்கொண்டு இருந்தால் ஒருவருக்கும் தெரியாது. ஏட்டைக் கொடுத்துவிடலாம், பட்டமும் வந்துவிடும். வேறு யாராவது செய்து பார்த்து கோளம் வரவில்லையென்றால், பூவார் கொஞ்சு அவர்களிடம் இல்லை என்று சொல்லிக்கொள்ளலாம். அமரவிளை தாண்டும்வரை இந்த யோசனை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அதையும் மறைக்கவில்லை.

சொல்வதற்கு முன் ஒரு தடவை செய்து பார்த்தேன். ஒரே கரைசலை இரண்டாகப் பிரித்து, ஒன்றை எஃகு வலையில் வடிகட்டினேன், இன்னொன்றைக் கஞ்சி போட்டுக் காய்ந்திருந்த அந்தக் கறைத் துணியில். உள்ளுக்குள் வலைப் படலத்திலும் கோளம் வந்துவிட வேண்டும் என்று ஜெபமே பண்ணினேன். புதன்கிழமை நுண்ணோக்கியில் வைத்தார்கள். வலைப் படலம் மொட்டையாக இருந்தது. துணிப் படலம் வழக்கம்போல் நிறைந்து கிடந்தது. கருவியை இயக்குகிறவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரையை அணைத்தார்.

டீச்சரிடம் போய்ச் சொன்னேன். அவர் மலையாளத்தில்தான் பேசுவார், நான் தமிழில் எழுதுகிறேன். முதலில், "ஆய்வகத் துணியை வீட்டில் யார் கழுவச் சொன்னது?" என்று கேட்டார். பிறகு நீண்ட நேரம் படங்களைப் பார்த்தார். மாவு சேர்ந்ததால்தானே படலம் நன்றாக இருக்கிறது, அதையே புதுமை என்று எழுதலாமா என்று நான் இழுத்தேன். "கைட்டோசானில் மாவு கலப்பது பழைய வேலை. எத்தனையோ பேர் கலந்து பார்த்தாயிற்று. நீ உன் முதல் அத்தியாயத்திலேயே அதை எழுதியிருக்கிறாய்," என்றார். உண்மைதான், எழுதியிருந்தேன். அன்று மதியமே கட்டுரையைத் திரும்பப் பெறுகிறோம் என்று பத்திரிகைக்கு எழுதினார். அதற்குப் பிறகு ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அவர் பெயரும் அதில் இருந்ததே, கோபப்பட அவருக்கு உரிமை உண்டு.

கடைசி முறையாகக் கெடு நீட்டினார்கள். உதவித்தொகை இல்லாமல் மறுபடி முதலிலிருந்து எல்லாம் வார்த்தேன். காலையில் போய், இருட்டுவதற்குள் திரும்பி, வீட்டில் சாப்பிட்டுப் படுத்து, ஞாயிற்றுக்கிழமையும் எழுதிக்கொண்டிருந்தேன். ஆராதனைக்குப் போய் மாதங்கள் ஆகின. புதிய மூன்றாம் அத்தியாயத்தில் கொண்டாட ஒன்றும் இல்லை. பூவார் தோடும் கோட்டுகால் தோடும் ஒரே மாதிரிப் படலம்தான் தருகின்றன, அது உடைகிறது, இன்ன காரணத்தால் உடைகிறது என்று எழுதினேன். பின்னால் ஒரே ஒரு பக்கத்தில், கோளங்களாகத் தெரிந்தவை துணிக்கஞ்சியின் மரச்சீனி மாவு என்று படத்தோடு சேர்த்தேன். வேண்டாம் என்று சிலர் சொன்னார்கள். டீச்சர் மட்டும் இருக்கட்டும் என்றார்.

ஆய்வேட்டின் திறந்த நேர்காணலுக்கு வீட்டாரும் வரலாம். அப்பாவுக்கு அன்று முட்டுவலி. அம்மாவை வரச் சொன்னேன். காலையில் அவள் ஞாயிற்றுக்கிழமைச் சேலையை உடுத்துக்கொண்டு வந்து நின்றாள். சேலை உடம்போடு ஒட்டித் தொங்கியது.

"என்னம்மா, கஞ்சி போடலியா?"

"இந்த வீட்டில ஒரு வருஷமாட்டு மரச்சீனி மாவு வாங்கல்ல மக்கா," என்றாள். "பொடியில்லியா, காத்தில பறந்து ஒனக்க உடுப்பில ஒட்டினா அங்கெ வரும்லா. எதுக்கு வம்பு."

எனக்குச் சட்டென்று ஒன்று உறைத்தது. "பின்னே மேசைத் துணி?"

"அத அப்பமே சபையில வேற ஒருத்திட்ட குடுத்தாச்சு. வீட்டில கஞ்சி காய்ச்சாம எப்படிச் செய்ய? ரயிலுக்கு நேரமாச்சு, வா."

ஒரு வருடம். ஐம்பது ஞாயிற்றுக்கிழமைக்கு மேல் அவள் அந்தத் தளர்ந்த சேலையோடு முன்வரிசைக்கு நடந்திருக்கிறாள். உடம்புக்கு என்ன என்று எத்தனை பேர் கேட்டிருப்பார்கள். நான் கத்தியதற்கு அடுத்த வாரமே மன்னிப்புக் கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும். மேல்பரப்பு, மேல்பரப்பு என்று ஐந்தாறு வருடம் படித்தவள், பக்கத்து அறையில் இருந்தவளின் சேலையைப் பார்க்கவில்லை. ரயிலில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். நேர்காணலுக்குப் பயப்படுகிறேன் என்று அவள் நினைத்துக்கொண்டு என் கையைத் தடவிக் கொடுத்தாள்.

நேர்காணல் ஆங்கிலத்தில் நடந்தது. அம்மா கடைசி வரிசையில், மடியில் பையை வைத்துக்கொண்டு இருந்தாள். எல்லாம் முடியும் நேரத்தில் வெளியூரிலிருந்து வந்த, தமிழ் தெரிந்த தேர்வாளர் அந்த ஒற்றைப் பக்கத்தைத் திரையில் போடச் சொன்னார். கருநீலக் கறை விழுந்த துணியின் படம் பெரிதாக வந்தது. மாவு எங்கிருந்து வந்தது, வீட்டில் கழுவப்பட்டது என்று மட்டும் எழுதியிருக்கிறாயே, யார் கழுவியது என்று கேட்டார்.

நான் பதில் சொல்வதற்குள் கடைசி வரிசையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அம்மா எழுந்து நின்றிருந்தாள். ஆங்கிலம் அவளுக்குப் புரியாது, ஆனால் அந்தத் துணியைத் தெரியும்.

"அது நான் கழுவினதாக்கும் சாரே," என்றாள். "கஞ்சி முக்கினதும் நானாக்கும். பிள்ளைக்கு அறியாது. அவளுக்க மார்க்கைக் குறைச்சிராதிங்க."

யாரோ சிரித்தார்கள். டீச்சர் திரும்பிப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. தேர்வாளர் என்னைப் பார்த்தார். நான் ஆங்கிலத்தில் தயாரித்து வைத்திருந்த பதிலை விட்டுவிட்டேன்.

"அமிலம் எந்தத் தரம், தண்ணீர் எந்தத் தரம், எல்லாம் எழுதினேன்," என்று தமிழிலேயே சொன்னேன். "துணியை எப்படிக் கழுவுகிறாய் என்று அம்மாவிடம் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பாள். தவறு என்னுடையது."

அவர் தலையசைத்து ஏதோ குறித்துக்கொண்டார். பட்டம் கொடுத்துவிட்டார்கள். ஏட்டில் ஒரு வரியைத் திருத்தச் சொன்னார்கள். கழுவப்பட்டது என்று இருந்த இடத்தில், என் தாயார் கழுவினார், முறை இது என்று விவரமாக எழுதினேன்.

அந்த வாரமே காட்டாக்கடைக்குப் போய் மரச்சீனி மாவு வாங்கி வந்தேன். சனிக்கிழமை நான் காய்ச்ச முயன்று கட்டி கட்டியாக்கினேன். அம்மா என்னைத் தள்ளிவிட்டு அவளே காய்ச்சினாள். தேய்த்தது மட்டும் நான். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் ஆராதனைக்குப் போனோம். அவள் நடக்க நடக்கச் சேலை சத்தம் போட்டது.

ஆராதனை முடிந்து எல்லோரும் வெளியே போனபிறகு அம்மா திருவிருந்து மேசைப் பக்கம் வந்தாள். துணியின் ஓரத்தை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து மெல்லத் தேய்த்துப் பார்த்தாள்.

"முழுசும் வேவிச்சிருக்கா," என்றாள். "பாதி பச்சையாட்டு விடணும். அவளுக்கு நான் அதச் சொல்லிக் குடுக்கல்ல."

"மேசைத் துணியத் திரும்பக் கேக்கட்டா அம்மா? நான் போய்க் கேக்கேன்."

"குடுத்தத எப்படி மக்கா திரும்பக் கேக்க?" என்றாள். துணியின் மூலையில் விழுந்திருந்த ஒரு சுருக்கத்தை உள்ளங்கையால் இரண்டு தடவை நீவிவிட்டாள். அது போகவில்லை. அதன்மேல் கையை வைத்தபடியே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, போவோம் என்றாள்.